கிழவி செத்தால் என்ன எரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழுக்காக ஆப்பிரிக்க வாய்மொழி மரபு பற்றிக் கட்டுரை எழுதினேன். மாலி நாட்டு எழுத்தாளர் அமாது ஹம்பாத்தே பாவின் புகழ்பெற்ற கருத்தை முதல் வரியிலேயே வைத்திருந்தேன். ஆப்பிரிக்காவில் ஒரு முதியவர் இறந்தால் ஒரு நூலகம் எரிந்துபோகிறது என்பது அது. இதழில் அதற்கு ஓர் ஓவியமும் போட்டிருந்தார்கள். வெண்தாடி வைத்த கிழவர், பின்னால் தீப்பிடித்த புத்தக அலமாரி. எனக்குப் பிடித்திருந்தது. முதுகலை வகுப்புக்கு எடுத்துப்போய்ப் பெருமையாகக் காட்டினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா, கிழவி செத்தா என்னம்மா எரியும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். கேள்வி போகவில்லை. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'முதியவர்' என்ற சொல்லைப் பார்ப்போம். இலக்கணப்படி அது பலர்பால் ஈறு பெற்று, மரியாதைக்காக ஒருமையில் வழங்குவது. ஆணையும் குறிக்கலாம், பெண்ணையும் குறிக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு நாளிதழைப் புரட்டுங்கள். 'லாரி மோதி முதியவர் பலி' என்றால் இறந்தது ஆண். பெண்ணாக இருந்தால் 'மூதாட்டி பலி' என்றுதான் செய்தி வரும். பெயர்தான் பொதுச்சொல், உள்ளே குடியிருப்பது ஆண். ஓவியர்மேல் குற்றமில்லை. நான் எழுதியதைத்தான் அவர் வரைந்தார்.

ஹம்பாத்தே பா இந்தக் கவலையை 1960இல் யுனெஸ்கோவில் முன்வைத்தார். பின்னாளில் அது சுருங்கிப் பழமொழியாகி, இன்று பல மேடைகளில் அவர் பெயர்கூட இல்லாமல் 'ஆப்பிரிக்கப் பழமொழி' என்று உலவுகிறது. அது பரவியது பிரெஞ்சில். அந்த வடிவத்தில் வரும் முதியவர் பிரெஞ்சு இலக்கணத்தில் ஆண்பால். அவருடைய ஃபுல்பே மக்களின் மொழியான ஃபுல்ஃபுல்டேயிலோ பெயர்ச்சொற்களை ஆண்பால், பெண்பால் என்று பிரிக்கும் வழக்கமே இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட பெயர் வகுப்புகள் அதில் உண்டு. மனிதருக்கு ஒன்று, நீர்மங்களுக்கு ஒன்று, சிறியவற்றுக்கு ஒன்று என்று போகும். மனித வகுப்புக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஈறு, ஒரே சுட்டு. ஃபுல்ஃபுல்டேயில் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கக்கூடிய ஒரு கிழம், பாரிஸ் வழியாக வந்தபோது ஆணாகி, என் கட்டுரைக்கு வந்ததும் தாடியும் வளர்த்துக்கொண்டது.

ஒரு சொல்லின் விபத்து என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் வாய்மொழி மரபு நமக்கு வந்து சேர்ந்த பாதையில் இதே விபத்து திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. என் குற்றச்சாட்டு இதுதான்: பெண்கள் சுமந்து காத்த மரபில் பெரும்பகுதியை ஆண்களின் கணக்கில் எழுதியிருக்கிறோம். காலனி அதிகாரி எழுதினார், பாதிரியார் எழுதினார், பேராசிரியர் எழுதினார். மொழிபெயர்க்கிற நானும் எழுதினேன்.

நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனினிலும் பேசப்படும் யொரூபாவை எடுத்துக்கொள்வோம். அவன், அவள், அது மூன்றுக்கும் அங்கே ஒரே சொல்: 'ஓ'. மரியாதைக்குப் பன்மைச் சொல்லைப் போடுவார்கள், நம் 'அவர்' போல. உடன்பிறந்தாரைக் குறிக்க நம்மிடம் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று நான்கு சொற்கள். அவர்களிடம் இரண்டு. எக்போன் என்றால் மூத்தவர், அபுரோ என்றால் இளையவர். ஒமொ என்றால் பிள்ளை. ஒபா என்றால் ஆள்பவர். ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்ல அவர்களால் முடியாமல் இல்லை. ஒகுன்ரின், ஒபின்ரின் என்ற சொற்கள் இருக்கின்றன. வேண்டும்போது சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லியே தீரவேண்டும் என்று இலக்கணம் வற்புறுத்துவதில்லை.

தமிழ் வற்புறுத்துகிறது. வந்தான், வந்தாள் என்று வினைமுற்றிலேயே பால் ஒட்டிக்கொள்கிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'வந்தேன்' என்று சொல்லும் எனக்குப் பால் இல்லை. 'வந்தாய்' என்று யாரிடம் சொல்கிறேனோ அவளுக்கும் இல்லை. படர்க்கைக்கு, அதாவது எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிய பேச்சுக்குப் போன உடனே பால் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு யொரூபாக் கதையைத் தமிழாக்குகிறவர் முதல் வினைமுற்றிலேயே முடிவெடுக்க வேண்டும். ஆங்கிலம் வழியாக வந்த கதை என்றால், அந்த முடிவை ஆங்கிலம் முன்பே எடுத்திருக்கும். நாம் அதைக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

இந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பதை நைஜீரியச் சமூகவியலாளர் ஓயெரோன்கே ஓயெவூமி 1997இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் கணக்குப் போட்டுக் காட்டினார். 'பெண் என்னும் கண்டுபிடிப்பு' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். யொரூபாக்களின் வரலாறு என்றதும் எல்லோரும் எடுக்கும் நூல் பாதிரியார் சாமுவேல் ஜான்சன் எழுதியது. 1897இல் எழுதி முடித்தார். அவர் இறந்த பிறகு, 1921இல்தான் அச்சேறியது. ஓயோ அரசவையின் மரபுரைஞர்கள் வாய்மொழியாகச் சொன்ன அரசர் வரிசை அதற்கு அடிப்படை. ஓயெவூமி கேட்பது எளிய கேள்வி. 'ஒபா' என்ற சொல்லில் பால் இல்லை, 'ஓ' என்ற சுட்டில் பால் இல்லை, பெயர்கள் பலவற்றிலும் பால் இல்லை. பிறகு எப்படி அந்த வரிசையில் ஏறக்குறைய அத்தனை பேரும் ஆண்கள் ஆனார்கள்? ஒரொம்பொதோ என்ற ஆட்சியாளர் பெண் என்று சொல்லும் வாய்மொழி மரபு உண்டு. ஜான்சன் நூலில் அவர் ஆண். மரபுரைஞர் திறந்து வைத்திருந்த இடத்தை ஆங்கிலம் மூடிவிட்டது.

இதைப் படித்த காலத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பால் பேதமே அறியாத ஒரு மொழி, காலனியம் வந்து கெடுக்கும்வரை சமத்துவமாக வாழ்ந்த ஒரு சமூகம்! கருத்தரங்குகளில் இப்படியே பேசியும் இருக்கிறேன். இன்று அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களைப் பட்டியலிலிருந்து விலக்கியது ஒரு அநீதி என்றால், அவர்களைச் சொர்க்கத்தில் குடிவைத்து அவர்களுக்குத் துயரமே இல்லை என்று சொல்வது இன்னொரு அநீதி. நைஜீரிய ஆய்வாளர் பிபி பகரே-யூசுஃப், ஓயெவூமியை மறுத்து எழுதியபோது இதைத்தான் சுட்டினார்: ஒன்றுக்கு மொழியில் சொல் இல்லை என்பதால் வாழ்க்கையில் அது இல்லை என்று ஆகிவிடாது.

யொரூபா வீட்டுக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. 'ஒக்கொ' என்ற சொல்லைக் கணவன் என்று அகராதி மொழிபெயர்க்கும். (சுரத்தை மாற்றிச் சொன்னால் அதே ஒலிகள் மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று பொருள் மாறும், சுரம் குறிக்காமல் எழுதிவைத்த பழைய பதிவுகளை நம்பிப் பொருள் சொல்வது ஆபத்து.) ஓயெவூமி விளக்குவது வேறு: ஒக்கொ என்றால் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர். இயாவோ என்றால் மணம் முடித்து உள்ளே வந்தவர். ஆகவே நாத்தனாரும் வந்தவளுக்கு 'ஒக்கொ'தான். கேட்கப் புதுமையாக இருக்கிறது. ஆனால் வீட்டில் மூப்பு கணக்கிடப்படுவது உள்ளே வந்த நாளிலிருந்து. பிறந்தவருக்குப் பிறந்த நாள், வந்தவளுக்கு வந்த நாள். அவள் வருவதற்கு முதல் மாதம் அந்த வீட்டில் பிறந்த குழந்தைகூட அவளுக்கு மூத்தது. சொல்லில் பால் இல்லை, சரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறுவது யார்? கடைசிப் படியில் நிற்பது யார்? அந்த இடத்துக்குப் பெண்ணைத் தவிர வேறு ஆள் வருவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று தருகிறேன். நைஜீரியாவின் வடக்கில் பேசப்படும் ஹௌசா மொழியில் 'நீ' என்பதற்கே இரண்டு சொற்கள். ஆணிடம் 'கை', பெண்ணிடம் 'கே'. தமிழ்கூட அந்த அளவுக்குப் போகவில்லை. அந்த மொழியில்தான் நானா அஸ்மாவு (1793–1864) எழுதினார். சொகோட்டோ கலீஃபகத்தை நிறுவிய உஸ்மான் தான் ஃபோதியோவின் மகள். ஹௌசாவிலும் ஃபுல்ஃபுல்டேயிலும் அரபியிலும் கவிதைகள் எழுதினார். 'யான் தாரு' என்ற பெண்கள் அமைப்பை உருவாக்கினார். ஊர்களிலிருந்து வரும் ஆசிரியைகள் அவருடைய பாக்களை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பிப் போய், வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்து வாய்மொழியாக மாறி வீடு வீடாக நடந்தது. அந்த அரசு போரில் எழுந்தது, அடிமைகளை வைத்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். நான் சொல்ல வருவது இவ்வளவே: பால் பிரிக்கும் மொழியில் பெண்கள் கல்விக்கு வழி போட முடிந்தது, பால் பிரிக்காத மொழியில் வந்தவளைக் கடைசிப் படியில் நிறுத்த முடிந்தது. சுட்டுப்பெயர் யாருக்கும் விடுதலை வாங்கித் தராது. யார் பேசினார்கள், யார் அதை எழுதிக்கொண்டார்கள் என்பதையே நாம் கேட்க வேண்டும்.

யார் பேசினார்கள்? மறுபடி யொரூபா வீட்டுக்கு வாருங்கள். அங்கே 'ஒரிகி' என்று ஒரு வகை உண்டு. ஆளுக்கு ஒரிகி, குடிக்கு ஒரிகி, ஊருக்கு ஒரிகி, தெய்வத்துக்கு ஒரிகி. விளிப்பெயர்களும் புகழ்மொழிகளும் குறிப்புகளும் அடுக்கடுக்காக வரும். எந்த முன்னோர் எங்கிருந்து வந்தார், என்ன சாதித்தார், எதில் அவமானப்பட்டார் என்பதெல்லாம் அதில் ஒளிந்திருக்கும். ஆங்கிலேய ஆய்வாளர் கேரின் பார்பர் 1970களில் ஒகுகு என்ற ஊரில் தங்கி இதைப் படித்தார். 'நாளை வரைக்கும் என்னால் பேச முடியும்' என்ற பொருளில் தலைப்பிட்டு 1991இல் அவர் வெளியிட்ட நூலைப் படித்தபோதுதான் என் கண் திறந்தது. ஒகுகுவில் ஒரிகியைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிலும் அந்தந்த வீட்டுக்கு மணமாகி வந்த பெண்கள். பிறந்த வீட்டின் ஒரிகியை அவர்கள் கொண்டுவருகிறார்கள். புகுந்த வீட்டின் ஒரிகியையும் கற்றுக்கொள்கிறார்கள். சாவில், கல்யாணத்தில், திருவிழாவில் எழுந்து சொல்கிறார்கள்.

கொஞ்சம் நிறுத்தி இதை யோசியுங்கள். வீட்டின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவள், நேற்று வந்தவள் என்று சொல்லப்பட்டவள், அவள் வாயில்தான் அந்த வீட்டின் வரலாறு இருக்கிறது. மூப்பின் பெயரால் அவளைக் கீழே வைத்த வீடு, தன் மூப்பை நிரூபிக்க அவளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவளுக்கு இது உரிமையா, வேலையா? இரண்டும்தான். பெண்களின் வாய்மொழியைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு முன் மணப்பெண் பாடும் 'எகுன் இயாவோ' என்ற அழுகைப் பாட்டும் அப்படித்தான். பிறந்த வீட்டை விட்டுப் போகும் துயரத்தை ஊரறியச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. சொல்லி முடித்ததும் போய்த்தான் ஆக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

பிறகு ஏன் இந்தப் பெண்கள் நம் பாடத்திட்டத்தில் இல்லை? யொரூபா வாய்மொழி பற்றி என் கைக்கு வந்த முக்கிய நூல்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். வேட்டைக்காரர்களின் 'இஜாலா' பற்றிய பாபலோலாவின் நூல் 1966. குறி சொல்லும் 'இஃபா' பாக்கள் பற்றி வாண்டே அபிம்போலா எழுதியது 1976. இரண்டும் ஆண்களின் கையில் இருந்த வகைகள். இரண்டும் அருமையான நூல்கள். பெண்களின் ஒரிகியை நடுவில் வைத்த நூலுக்கு நான் 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் வடிவத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரிகிக்குத் தொடக்கம், நடு, முடிவு கிடையாது. ஒரு துண்டு இந்தத் தலைமுறை, அடுத்த துண்டு ஐந்து தலைமுறைக்கு முன். பெரும்பாலும் எதிரில் இருப்பவரை விளித்தே சொல்லப்படும். கதை கேட்கப் பழகிய வரலாற்றாசிரியருக்கு இது குழப்பம். அவருக்கு வேண்டியது காப்பியம். 1970இல் ரூத் ஃபினகன் ஆப்பிரிக்க வாய்மொழி இலக்கியம் பற்றிய தம் பெருநூலில், காப்பியம் ஆப்பிரிக்காவுக்குரிய வடிவமாகத் தெரியவில்லை என்று எழுதினார். அறிஞர் உலகம் கொதித்தது. 1979இல் இசிடோர் ஒக்பெவோ ஆப்பிரிக்கக் காப்பியங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்த மறுப்பு நியாயமானது; காப்பியங்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அந்த வழக்கு முழுக்க ஒரு நிபந்தனையை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்: காப்பியம் இருந்தால்தான் மதிப்பு. ஹோமரைக் காட்டி ஐரோப்பா கேட்ட சான்றிதழைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தேடலில் பெண்களின் பாட்டு பின்னிணைப்புக்குப் போனது.

மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் காப்பியத்தையே பாருங்கள். ஜிப்ரில் தம்சிர் நியானே 1960இல் பிரெஞ்சு உரைநடையில் வெளியிட்ட வடிவம்தான் உலகம் முழுக்கப் போனது. அதைச் சொல்கிறவர்களை 'கிரியோ' என்ற பிரெஞ்சுச் சொல்லால் அறிகிறோம். மாண்டே மக்களின் சொல் 'ஜெலி'. அதில் பால் இல்லை. ஆண் என்று சொல்ல 'ஜெலிகே', பெண் என்று சொல்ல 'ஜெலிமுசோ'. பிரெஞ்சில் போனதும் ஆண் இயல்பாகவும் பெண் அவனுடைய விகுதியாகவும் ஆனார்கள். வழக்கத்தில் காப்பியத்தைச் சொல்வதும் கோரா, பாலஃபோன் போன்ற கருவிகளை மீட்டுவதும் ஆண் ஜெலிகள். பாடுவது பெண் ஜெலிகள். மாலியின் வானொலியிலும் மேடையிலும் கொடிகட்டிப் பறப்பது அவர்கள் குரல். அச்சுப் பிரதிக்குள் வரும்போது கதை தங்கியது, பாட்டு கழன்றது. கதைக்குள் இருக்கும் சொகொலோனையும் நினைத்துப் பார்க்கலாம். நடக்க முடியாத பிள்ளையைப் பெற்றவள். சமையலுக்குக் கொஞ்சம் பவோபாப் இலை கேட்டுச் சக்களத்தியிடம் அவமானப்பட்டவள். அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் சுன்ஜாத்தா முதன்முதலாக எழுந்து நிற்கிறான். நாம் தேர்வில் கேட்பது 'சுன்ஜாத்தாவின் வீரத்தை விளக்குக'.

பெயர் வைப்பதில் நடக்கும் திருட்டுக்கு இன்னும் கூர்மையான சான்று 1929. நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மனைவியை அடித்தவன், பெண்களின் சந்தை விதிகளை மீறியவன் வீட்டின் முன் பெண்கள் கூடுவார்கள். உலக்கையால் சுவரை இடிப்பார்கள். இரவு முழுக்க அவன் குற்றத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள். மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டார்கள். அவன்மேல் 'உட்காருதல்' என்று இதற்குப் பெயர். அங்கே பாட்டு ஒரு நீதிமன்றம். 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் நுவான்யெருவா என்ற பெண்ணின் வீட்டுக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தான். ஆண்களுக்கு விதித்த வரி பெண்களுக்கும் வரப்போகிறது என்று ஊர்கள் பற்றி எரிந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள், காலனி அரசு நியமித்த தலைவர்களின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து பாடினார்கள். அரசு சுட்டது. 50க்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். ஆங்கிலேயர் கோப்பில் இதன் பெயர் 'ஆபா கலவரம்'. பெண்கள் வைத்த பெயர் 'ஒகு உமுன்வான்யி', பெண்களின் போர். போர் என்றால் அதற்குக் காரணம் உண்டு, திட்டம் உண்டு, தலைமை உண்டு. கலவரம் என்றால் கூச்சலும் கும்பலும்தான். ஆயிரம் பெண்கள் ஒரே பாட்டைப் பாடியது கோப்பில் கூச்சலாகப் பதிவானது.

இப்போது மாணவிகளிடம் நேராகப் பேசுகிறேன். உங்களில் பலர் மொழிபெயர்க்கப் போகிறீர்கள், ஆய்வேடு எழுதப் போகிறீர்கள். மூலத்தில் பால் இல்லாத இடத்தில் 'அவன்' என்று எழுதுமுன் கையை நிறுத்துங்கள். தமிழில் வழி இல்லாமல் இல்லை. ஒரிகி விளித்துப் பேசும் வகை. அந்த இடங்களை முன்னிலையிலேயே தமிழாக்குங்கள், பால் தானாக விலகும். எக்போனை 'அண்ணன்' ஆக்காமல் 'மூத்தவர்' என்று விடலாம். அப்போதும் படிப்பவர் மனத்தில் ஆண் எழுவார் என்று தெரிந்தால், கதை இடம் கொடுக்கும்போது 'அக்கா' என்று துணிந்து எழுதி முன்னுரையில் காரணம் சொல்லுங்கள். எந்தத் தொகுப்பை எடுத்தாலும் முதலில் சொன்னவர் யார், பாடியவர் யார் என்று பாருங்கள். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருந்து, பாடியவள் 'ஒரு கிராமத்துப் பெண்' என்று அடிக்குறிப்பில் இருந்தால், அந்த அடிக்குறிப்பிலிருந்து உங்கள் ஆய்வைத் தொடங்குங்கள்.

அந்த மாணவிக்கு என் பதில். ஹம்பாத்தே பா சொன்ன தீ உண்மை. ஆனால் எரிந்தது நூலகம் என்று தெரிய, அது நூலகம் என்று முன்பே யாராவது பதிந்திருக்க வேண்டும். ஒகுகுவில் ஒரு கிழவி இறந்தால் இரண்டு வீடுகளின் வரலாறு எரியும். பிறந்த வீட்டுடையது ஒன்று, புகுந்த வீட்டுடையது ஒன்று. அவளை எந்தப் பட்டியலிலும் சேர்க்காததால் புகை வந்ததுகூட நமக்குத் தெரியவில்லை. எங்கள் துறையின் வாய்மொழி இலக்கியத் தாளில் ஐந்து அலகுகள். நான்கு அலகுகளில் காப்பியமும் கதைப்பாடலும் கோட்பாடும். பெண்களின் பாட்டு ஐந்தாம் அலகின் கடைசித் தலைப்பு. பருவத் தேர்வு நெருங்கும்போது 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று நாங்கள் தள்ளிவிடும் தலைப்பு. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அதை முதல் அலகுக்குக் கொண்டுவரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுத்தால், கூட்ட அறையின் வாசலில் உட்காரவும் நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.